உயிரோடு இருந்தால் எமர்ஜென்சி

துபாய்க்குப் போய்ச் சேர்ந்த இருபத்திரண்டாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், என் இடது காதுக்குள் ஒரு பூச்சி புகுந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒரு கட்டிட கான்ட்ராக்ட் கம்பெனியில் டைம்கீப்பராக வேலை கிடைத்துப் போயிருந்தேன். சைட்டில் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள் என்று எழுதி வைக்கிற வேலை. கம்பெனி கேம்பில் கட்டில் காலி இல்லை என்பதால், பர் துபாயில் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், ஆறு கட்டில் போட்ட ஒரு ரூமில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ரூமில் மனிதர்கள் ஆறு பேர். கரப்பான்களைக் கணக்கெடுக்கும் பொறுப்பை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

புதிதாக வருகிறவனுக்கு அங்கே ஒரு வரிசை இருந்தது. முதலில் உள்ளே வருவதற்கான ஒரு தாள். பிறகு ரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே. அதில் தேறினால் பாஸ்போர்ட்டில் விசா அடிப்பார்கள். விசா அடித்த பிறகுதான் அரசு மருத்துவமனைக்குப் போவதற்கான ஹெல்த் கார்டு. எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆகலாம் என்றார்கள். அந்த இரண்டு மாதத்தில் உடம்புக்கு எதுவும் வரக் கூடாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நான் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு தெரியாமல் இருந்தவன். பாஸ்போர்ட் கம்பெனியில். என்னிடம் இருந்தது, உள்ளே வந்த அந்த முதல் தாளின், நான்காக மடித்த ஒரு ஜெராக்ஸ் மட்டும்.

அன்றைக்கு மீன் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கீழ்க் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தேன். கண் செருகிய நேரத்தில் காதுக்குள் ஏதோ நடந்து போனது. எழுந்து உட்கார்ந்து காதைத் தட்டினேன். தட்டியதும் அது இன்னும் உள்ளே போனது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? வெளியே இருந்து கேட்டால் ஒன்றுமில்லை. உள்ளே, தகரக் கூரையின் மேல் ஆள் ஓடுவது மாதிரி இருந்தது. சத்தம் தலையின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுகூடப் புரியவில்லை. கட்டிலை விட்டு இறங்கி, ஒற்றைக் காலில் ரூம் முழுக்கக் குதித்தேன்.

அப்போது ரூமில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பரமக்குடிப் பக்கத்து அண்ணன், ஏசி மெக்கானிக். வந்து பதினொரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ரூமில் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவர் அவர்தான். இன்னொருவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு டிரேடிங் கம்பெனியில் கிளார்க். எதைச் செய்வதற்கு முன்னும் ஒருமுறை யோசிக்கிறவர். யோசித்தபின் பெரும்பாலும் செய்யாமல் விட்டுவிடுவார்.

"என்ன தம்பி, கனவா?" என்றார் அண்ணன்.

"காதுக்குள்ள பூச்சி போயிருச்சுண்ணே."

அண்ணன் பேச்சை வளர்க்கவில்லை. அலமாரியைத் திறந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தார்.

"படு. ரெண்டு சொட்டு ஊத்துனா செத்துரும். செத்தா வெளிய வந்துரும்."

"எண்ணெய் விடாதேங்கோ," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர், மேல் கட்டிலிலிருந்து. "செவிப்பறையில ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளுக்க போயிடும். பிறகு காது கேளாது."

"உங்க ஊர்ல பூச்சிக்கு என்ன செய்வீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"இவனுக்குக் கார்டு ஏது?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

இடையில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பூச்சிக்கு வெளிச்சம் பிடிக்கும், டார்ச் அடித்தால் வெளியே வரும் என்று அண்ணன் சொன்னார். சாவிக்கொத்தில் இருந்த சின்ன டார்ச்சைக் காதுக்கு நேராகப் பிடித்தார். வெளிச்சம் பட்டதும் அது வெறி பிடித்த மாதிரி உள்ளே ஓடியது. நான் கத்திய கத்தில் பக்கத்து ரூம் பட்டான் வந்து கதவைத் தட்டி, "கியா ஹுவா பாய்?" என்று ஹிந்தியில் என்ன ஆச்சென விசாரித்துவிட்டுப் போனார்.

"அப்ப அது கரப்பான்," என்றார் அண்ணன், ஏதோ ஒன்றை உறுதி செய்துகொண்ட நிம்மதியோடு. "கரப்பானுக்குத்தான் வெளிச்சம் ஆகாது."

கம்பெனியின் பி.ஆர்.ஓ.வுக்குப் போன் போட்டோம். விசா, கார்டு எல்லாவற்றுக்கும் அவர்தான் அலைகிறவர். வெள்ளிக்கிழமை என்பதால் மூன்றாவது முறைதான் எடுத்தார். என் ஹிந்திக்கு அப்போது மூன்று வார வயது. அண்ணன் போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார்.

"டியூட்டியில போச்சா, ரூம்ல போச்சான்னு கேக்குறான்," என்றார் அண்ணன், போனைக் கையால் மூடிக்கொண்டு.

"ரூம்லதான்."

அதைச் சொன்னார். பதிலைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். "டியூட்டியில போயிருந்தா கம்பெனி பாக்குமாம். ரூம்ல போனதுக்குக் கம்பெனி பொறுப்பில்லையாம். நாளைக்கு ஆபீசுக்கு வா, பேசலாம்னு சொல்றான்."

"நாளைக்கு வரைக்கும் இது உள்ளேயா இருக்கும்?"

"அத நான் கேக்கல."

அப்போதுதான் அண்ணன் தன் பர்ஸைத் திறந்து ஹெல்த் கார்டை எடுத்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. லேமினேட் செய்த சின்ன அட்டை. அதில் அண்ணனின் படம். படத்தில் அவருக்குத் தடித்த மீசை, முன்பக்கம் முடியில்லை. எனக்கு இருபத்து நாலு வயது, மீசை சரியாக வளராத முகம், தலை நிறைய முடி.

"இத வச்சுட்டுப் போ. எம்பேரு, அப்பா பேரு, பிறந்த வருஷம், மூணும் மனப்பாடம் பண்ணிக்க. கேட்டா முடி வச்சுக்கிட்டேன்னு சொல்லு."

"நீங்க என்ன கதைக்கிறியள்?" யாழ்ப்பாணத்துக்காரர் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். அவர் இறங்குவது அபூர்வம். "மத்தவன்ர கார்டில போறது களவு. பிடிச்சாங்களெண்டால் தம்பியைப் பிளேன்ல ஏத்தி விடுவாங்கள். உங்களையும் சேத்து. ஒரு பூச்சிக்காக ரெண்டு பேரும் ஊருக்குப் போகப் போறியளோ?"

அண்ணன் கார்டைத் திரும்பப் பர்ஸுக்குள் வைத்தார். பதினொரு வருஷம் அங்கே இருந்தவருக்கு அந்த வார்த்தையின் எடை தெரியும். எனக்கோ வேறு பயம். ரத்தப் பரிசோதனை முடிவு வரவில்லை. காதில் கோளாறு என்று எங்காவது எழுதி, அது போய்ச் சேர்ந்து, அன்ஃபிட் என்று போட்டுவிட்டால்? வந்து ஒரு சம்பளம்கூட வாங்கவில்லை. ஊரில் கேட்டால் கரப்பான் திருப்பி அனுப்பிவிட்டது என்றா சொல்ல முடியும்? இதை அவர்களிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது. ஆனால் பூச்சி அந்த நேரம் பார்த்து மறுபடி கால்களை அசைத்ததில் வெட்கம் பயம் இரண்டும் போய்விட்டன. "ஆஸ்பத்திரிக்கே போவோம்," என்றேன்.

மூன்று பேரும் டாக்ஸி பிடித்தோம். தனியார் கிளினிக்குகளை வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் திறப்பார்கள். அரசு மருத்துவமனை ஒன்றுதான் வழி. டாக்ஸியில் நான் நடுவில், இடது காதைக் கையால் பொத்தியபடி. டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். தொழுகை முடிந்து கடைகள் மூடிய நேரம், வண்டி சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

பதிவு செய்கிற இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அரபுப் பெண் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார்.

"பத்தாக்கா."

கார்டைக் கேட்கிறார் என்று அண்ணன் விளக்கினார். "மாஃபி," என்றேன் நான். இல்லை என்று அர்த்தம். அரபியில் எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் அதுவும் ஒன்று. வந்த நாளிலிருந்து அதிகம் பயன்பட்டதும் அதுதான்.

"விசா?"

ஜெராக்ஸ் தாளைப் பிரித்துக் கொடுத்தேன். அவர் அதை மேலிருந்து கீழாகப் படித்தார். நான் இங்கே குடியிருக்கிறவன் இல்லை, ஏனென்றால் விசா அடிக்கவில்லை. அப்படியானால் விசிட்டரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். விசிட்டர் என்றால் பணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நான் விசிட்டரும் இல்லை, வேலைக்கு வந்தவன் என்று அந்தத் தாளிலேயே இருந்தது. சரி, விசிட்டர் என்றே வைத்துக்கொள்வோம் என்று இரக்கப்பட்டவர், அதற்கு ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும் என்றார். பாஸ்போர்ட் கம்பெனியில். கம்பெனி வெள்ளிக்கிழமை லீவு.

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாக இல்லை. கம்ப்யூட்டரில் எனக்கென்று ஒரு கட்டம் இல்லாததில் அவருக்கே கொஞ்சம் வருத்தம் இருந்த மாதிரி தெரிந்தது.

"எமர்ஜென்சி?" என்று கேட்டார் கடைசியாக.

எங்கள் மூன்று பேருக்கும் அந்த வார்த்தை ஒரே நேரத்தில் புரிந்தது. எமர்ஜென்சி என்றால் கார்டு வேண்டாம், பாஸ்போர்ட் வேண்டாம், யாராக இருந்தாலும் பார்ப்பார்கள். அது எமர்ஜென்சியா இல்லையா என்பதை மட்டும் உள்ளே இருக்கிற நர்ஸ் முடிவு செய்வார். அந்தப் பெண் பக்கத்துக் கதவைக் காட்டினார்.

நர்ஸ் மலையாளி. நாற்பது வயது இருக்கும். அண்ணன் ஹிந்தியில் ஆரம்பித்தார். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தமிழ் பறஞ்சா மதி. நான் கோயம்புத்தூர்லயாணு படிச்சது. என்ன பிரச்சினை?"

சொன்னேன். அவர் பேனாவை எடுத்துத் தாளில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பூச்சிக்கு ஜீவன் உண்டோ?"

"சிஸ்டர்?"

"உயிரோட இருக்கோ, செத்துப் போச்சோ? உயிரோட இருந்தா எமர்ஜென்சி. உள்ள கடிக்கும், ஓடும், செவிப்பறை கேடாகும். செத்துப் போச்செங்கில் அவசரம் இல்ல. கார்டு வந்த பின்னே கிளினிக்ல எடுக்கலாம்."

நான் கவனித்துப் பார்த்தேன். டாக்ஸியில் ஏறியதிலிருந்து அது அசையவில்லை. அதுவரை இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப... அசையல சிஸ்டர்."

அண்ணன் என் தோளைக் கிள்ளினார். "நல்லாப் பாரு தம்பி."

"நிஜமாவே அசையலண்ணே."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். எழுதினால் டாக்டர் கேட்பார், இல்லாததை எழுத முடியாது என்றார். ஆனால் போகவும் சொல்லவில்லை. பத்து நிமிஷம் அந்தப் பெஞ்சில் உட்கார், அசைந்தால் வந்து சொல் என்றார்.

உட்கார்ந்தோம். அரை மணிக்கு முன்னால் அந்தக் கரப்பான் செத்துத் தொலைய வேண்டும் என்று கும்பிடாத சாமியில்லை. இப்போது அதற்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அண்ணன் என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர் குனிந்து தன் காதை என் காதோடு வைத்துக் கேட்டார். எதிர் பெஞ்சில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பிலிப்பினோ எங்களைப் பார்த்துவிட்டு வேறு பெஞ்சுக்கு மாறிப் போனார்.

"கேக்குதா?" என்றார் அண்ணன்.

"தம்பியின்ர நெஞ்சு அடிக்கிறது கேக்குது. வேற ஒண்டும் இல்லை."

"எந்திரிச்சுக் குதி."

எழுந்து குதித்தேன். ஒன்றுமில்லை. அப்போது அண்ணன் சட்டைப் பைக்குள் கைவிட்டார். அதில் தேங்காய் எண்ணெய் பாட்டில் இருந்தது, கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்திருக்கிறார்.

"ஒரு சொட்டு விட்டா அசையும்."

"ஒரு சொட்டு விட்டால் சாகும்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "இப்ப அது செத்தால் எங்களுக்குத்தான் நட்டம்."

அண்ணன் யோசித்துவிட்டுப் பாட்டிலை உள்ளே வைத்தார். பிறகு அவருக்கு டார்ச் ஞாபகம் வந்தது. ரூமில் அதை அடித்தபோது பூச்சி எப்படி ஓடியது என்று மூவருக்கும் தெரியும். எனக்கு வலியும் ஞாபகம் இருந்தது. இருந்தாலும் தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அண்ணன் டார்ச்சை அழுத்தினார்.

இரண்டு வினாடி ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே ஒரு கால் அசைந்தது. அடுத்து எல்லாக் காலும்.

"ஓடுது சிஸ்டர்," என்று கத்தினேன். "உயிரோட இருக்கு."

வலியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் என் முகத்தில் சிரிப்பு இருந்ததாக யாழ்ப்பாணத்துக்காரர் பிற்பாடு பல பேரிடம் சொன்னார். நர்ஸ் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பைக் காதுக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். உண்மையில் கேட்டதா, கேட்ட மாதிரி காட்டிக்கொண்டாரா, எனக்குத் தெரியாது. மேஜைக்குத் திரும்பிப் போய், பெரிய எழுத்தில், இடது காதில் உயிருள்ள பூச்சி என்று ஆங்கிலத்தில் எழுதினார். அதைக் கொண்டு போய்க் கொடுத்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் படித்துப் பார்த்து, முதன்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்து, ஒரு நம்பரைத் தட்டிக் கொடுத்தார். அந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் நோயாளியாக என் பெயர் ஏறியது அப்படித்தான்.

டாக்டர் சூடானைச் சேர்ந்தவர், உயரமான மனிதர், மெதுவான ஆங்கிலம். காதுக்குள் கருவியை வைத்துப் பார்த்தார். "ஆமாம், இருக்கிறது. என்னைப் பார்க்கிறது," என்றார். பிறகு தட்டிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார்.

"இது என்ன டாக்டர்?" என்று கேட்டார் அண்ணன்.

"எண்ணெய். முதலில் அதைக் கொல்ல வேண்டும்."

அண்ணன் திரும்பி யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர் சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் படிக்க ஆரம்பித்தார்.

"செவிப்பறையில் ஓட்டை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்," என்றார் டாக்டர், யாரும் கேட்காமலே. "வீட்டில் ஊற்றக் கூடாது." இப்போது யாழ்ப்பாணத்துக்காரர் சுவரிலிருந்து திரும்பி அண்ணனைப் பார்த்தார்.

எண்ணெய் உள்ளே இறங்கியதும் ஒரு பெரிய கலவரம். பிறகு அமைதி. நான்கு மணிநேரம் கழித்துக் கேட்ட மாதிரி இருந்தது அந்த அமைதி, கடிகாரத்தில் பார்த்தால் எல்லாம் சேர்த்தே இரண்டு மணிநேரம்தான். டாக்டர் மெல்லிய இடுக்கியால் அதை வெளியே எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். ரூம் சமையலறையில் தினமும் ஓடுகிற சின்ன பழுப்புக் கரப்பான். விரல் நகத்தில் பாதி இருக்கும்.

அண்ணனுக்கு ஏமாற்றம். "இவ்வளவுதானா?"

"காதுக்குள்ள வச்சுப் பாத்தால் பெரிசுதான்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மருத்துவமனை மருந்தகத்தில் சீட்டை நீட்டினால், கார்டு கேட்டார்கள். பூச்சி எமர்ஜென்சி, மருந்து எமர்ஜென்சி இல்லை. அண்ணன் மறுபடி பர்ஸைத் தொட்டார். "எனக்கும் இடது காதுல கொஞ்சம் வலி இருக்குற மாதிரிதான் இருக்கு," என்றார். யாழ்ப்பாணத்துக்காரர் அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, தெரு முனைக் கடையில் தன் காசில் மருந்தை வாங்கிக் கொடுத்தார். நான் காசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வாங்கவில்லை.

சனிக்கிழமை பி.ஆர்.ஓ.விடம் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவு முந்தின வாரமே வந்துவிட்டதாம், நான் ஃபிட் என்று. சொல்ல மறந்துவிட்டேன் என்றார். பிறகு அக்கறையாக, "பூச்சி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

விசா அடித்து, ஆறாவது வாரத்தில் ஹெல்த் கார்டும் வந்தது. டாக்டர் இன்னொரு முறை வந்து காதைக் காட்டச் சொல்லியிருந்தார். இப்போதுதான் எல்லாத் தகுதியும் இருக்கிறதே என்று, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அதே மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு பெண். கார்டை நீட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கார்டுக்கு உங்கள் ஏரியா ஹெல்த் சென்டருக்குத்தான் முதலில் போக வேண்டும் என்றார். அங்கே பார்த்து, தேவைப்பட்டால் கடிதம் கொடுப்பார்கள். கடிதத்தோடு வந்தால் காது டாக்டரைப் பார்க்க நாள் குறிப்பார்கள்.

ஹெல்த் சென்டரில் ஒரு காலைப் பொழுது போனது. கடிதம் கிடைத்தது. நாள் குறித்தார்கள், ஏழு வாரம் தள்ளி.

ரூமில் சொன்னேன். அண்ணன் சோற்றுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப கார்டு இல்லாதப்ப அரை மணி நேரத்துல பெரிய டாக்டரு. கார்டு வந்தப்புறம் ஏழு வாரமா?"

"அப்ப உயிரோட ஒண்டு உள்ளுக்க இருந்ததெல்லோ," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

ஏழு வாரம் கழித்துப் போனேன். அதற்குள் காதில் ஒன்றுமில்லை. அரை நாள் லீவு எழுதி வாங்கியிருந்ததால் போகாமல் இருக்க மனம் வரவில்லை. இந்த முறை டாக்டர் எகிப்துக்காரர். இரண்டு காதையும் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, எதற்காக வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஃபைலைப் புரட்டி நர்ஸ் எழுதியதைத் தேடிப் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, அதற்குக் கீழே, பூச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.